பிள்ளை தூங்காமலே சுறுசுறுப்பாக இருக்கிறானா? இருமுனைக் கோளாறு பற்றி ஓர் எளிய விளக்கம்

காலையில் ஒன்று சொல்லி மாலையில் மாற்றிப் பேசுகிறவரைப் பார்த்து "இவர் பைபோலார்" என்று சொல்வது இன்று சாதாரணமாகிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யவும் அந்தச் சொல்லை எடுக்கிறார்கள். ஆனால் பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறு உண்மையிலேயே வந்துவிட்ட பிள்ளையின் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. "வயசுக் கோளாறு", "செல்போன் கெடுத்துவிட்டது", "காத்துக் கருப்பு அண்டிவிட்டது", "பங்காளி வீட்டில் செய்வினை வைத்துவிட்டார்கள்" என்றுதான் பேச்சு ஓடும். இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடும். பிளஸ் டூ போய்விடும், கையில் இருந்த நகை போய்விடும், சில வீடுகளில் பிள்ளையே போய்விடும்.

திருநெல்வேலி, தென்காசி பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து, அடிப்படையிலிருந்து தொடங்கி இதை எழுதுகிறேன். மருத்துவம் படிக்காத ஒரு தாய், பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே வாசித்தாலும் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

## அன்றாட ஏற்ற இறக்கம் எது, நோய் எது?

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஆற்றின் போக்கு தெரியும். மலையில் மழை பெய்தால் தண்ணீர் கூடும். நாலு நாள் வெயில் அடித்தால் பாறை தெரியும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் மதகைத் திறந்தும் அடைத்தும் அந்த ஏற்ற இறக்கத்தை ஓர் அளவுக்குள் வைத்திருக்கிறார்கள். நம் மனநிலையும் இப்படித்தான் நடக்கிறது. மார்க் குறைந்தால் பிள்ளை வாடுகிறான். நண்பனோடு சண்டை என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறான். மறுநாள் அதே நண்பன் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுகிறான். காரணம் இருக்கிறது, காரணம் விலகியதும் மனமும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. பதின்வயதில் இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இதற்கு டாக்டர் தேவையில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அது தண்ணீர் கொஞ்சம் கூடியதாகவா இருந்தது? ஆறு கரையை மீறியது, தெருக்கள் மூழ்கின, அன்றாட வாழ்க்கை மொத்தமும் நின்றுபோனது. இருமுனைக் கோளாறு என்பது மனநிலையின் மதகுகள் பழுதாகிவிடும் நோய். அதனால் ஒரு காலத்தில் வெள்ளம் வரும், இன்னொரு காலத்தில் ஆறு வறண்டு மணல் தெரியும். இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள், ஆறு ஒழுங்காகவே ஓடும். அந்த நடுக்காலத்தில் பிள்ளை முழுக்க முழுக்கப் பழைய பிள்ளைதான். அதைப் பார்த்துத்தான் "சும்மா நடிக்கிறான்" என்று ஊரார் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரே நாளில் பத்து முறை மனம் மாறுவது இந்த நோயின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். டாக்டர்கள் பார்ப்பது நாட்கணக்கை. வெள்ளம், அதாவது அளவு மீறிய உற்சாகம், என்று சொல்ல, பெரும்பாலும் ஒரு வாரமாவது அந்த நிலை நீடிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிவிட்டால் நாட்கணக்கு பார்ப்பதில்லை. வறட்சி, அதாவது ஆழ்ந்த சோர்வு, என்று சொல்ல இரண்டு வாரமாவது வேண்டும். இந்தியாவில் 2017ஆம் ஆண்டில் சுமார் 76 லட்சம் பேர் இந்த நோயோடு வாழ்ந்ததாக நாடு தழுவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பெரும்பாலோருக்கு இது தொடங்குவது பதின்வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோதான்.

சுருக்கமாகச் சொன்னால்: காரணத்தோடு வந்து காரணத்தோடு போவது இயல்பான மனநிலை. நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடித்து, தூக்கம், பேச்சு, படிப்பு, பணம் எல்லாவற்றையும் சேர்த்துப் புரட்டிப்போடுவது நோய்.

## வெள்ளக் காலம்

இந்த நிலையை டாக்டர்கள் மேனியா என்கிறார்கள். மனமும் உடலும் அளவுக்கு மீறி முடுக்கிவிடப்பட்ட நிலை அது.

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். இரவு இரண்டு மணிக்கு வாசல் விளக்கைப் போட்டு அப்பாவின் பைக்கைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறான். செயின் கவர் ஒரு பக்கம், ஸ்பார்க் பிளக் ஒரு பக்கம், கையெல்லாம் கிரீஸ். "எய்யா, படுத்து எழுந்திரு, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அம்மா வந்து சொன்னால், அவளைத் திண்ணையில் உட்கார வைத்து, ஊரில் ஒரு சர்வீஸ் கடை, அப்புறம் பாளையங்கோட்டையில் கிளை, அப்புறம் மதுரையில் ஷோரூம் என்று மூச்சு விடாமல் சொல்கிறான். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் அதைத் தொட்டு வேறு எங்கோ போய்விடுகிறான். விடிந்ததும் குளித்துப் பளிச்சென்று பள்ளிக்கூடம் கிளம்புகிறான். ஐந்து நாளாக இரண்டு மணி நேரத் தூக்கம்தான். கண் எரிச்சல் இல்லை, கொட்டாவி இல்லை.

அம்மா கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விஷயத்தை. இரவெல்லாம் செல்போன் பார்க்கிற பையன் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்கிக் கடனை அடைத்துவிடுவான். கவலையில் தூக்கம் வராதவன் மறுநாள் துவண்டு கிடப்பான். மேனியாவில் இருக்கிறவனுக்குத் தூக்கமே தேவைப்படுவதில்லை. இரண்டு மணி நேரம் படுத்தாலும் பத்து மணி நேரம் தூங்கியவன்போல எழுந்து நிற்கிறான். இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், இது நிற்கட்டும்.

இரண்டாவது வாரத்தில் சிரிப்பு எரிச்சலாக மாறும். தடுக்கிறவர்கள் எல்லாரும் எதிரி. ஆசிரியரிடம் வாக்குவாதம், அப்பாவின் ஏ.டி.எம். கார்டில் பணம் காணாமல் போவது, நாற்கரச் சாலையில் கண்மண் தெரியாத வேகம் என்று வரிசையாக வரும். பெண்பிள்ளை என்றால் கதை இன்னும் கொடுமையாகத் திரும்புகிறது. முன்பின் தெரியாதவர்களிடம் நெருக்கமாகப் பேசுவது, இரவில் வெளியே கிளம்புவது, கூச்சம் விட்டுப் பழகுவது இவையெல்லாம் மேனியாவின் அறிகுறிகள். வீட்டார் அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொண்டு அடிக்கிறார்கள். "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்று மாப்பிள்ளை தேடுகிறார்கள். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படியே குற்றம். நோய் கொதித்துக்கொண்டிருக்கும் பெண்ணை முன்பின் அறியாத ஒரு வீட்டுக்குள் தள்ளுவதை நான் மருந்து என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெள்ளம் மிகவும் உயர்ந்தால் இல்லாத குரல் கேட்கலாம். "நான் முதலமைச்சரோடு பேசினேன்", "எனக்குத் தெய்வ சக்தி வந்துவிட்டது" என்று அசைக்க முடியாத நம்பிக்கைகள் வரலாம். நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் இந்த நிலைக்கு மனப்பிறழ்வு என்று பெயர். மருத்துவமனைக்கு உடனே கிளம்ப வேண்டிய நேரம் அது.

சிலருக்கு வெள்ளம் கரையைத் தொடும், உடைக்காது. நாலைந்து நாள் அதிக உற்சாகம், குறைந்த தூக்கம், நிறைய வேலை. ஆனால் பள்ளிக்கூடமும் வீடும் தடைபடாமல் நடக்கும். இதை ஹைப்போமேனியா என்பார்கள். "இப்போதுதான் பையன் பொறுப்பாக இருக்கிறான்" என்று வீட்டில் மகிழ்வதும் உண்டு.

## வறட்சிக் காலம்

இந்த நிலையின் பெயர் மனச்சோர்வு. இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், உடம்பை நகர்த்தவே முடியாமல் போவது. பெரியவர்கள் அழுவார்கள், புலம்புவார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் பலர் சிடுசிடுவென்று விழுவார்கள். வயிற்றுவலி, தலைவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவார்கள். முடி வெட்டப் போக மாட்டார்கள், குளிக்க மாட்டார்கள், பிடித்த சொதியை வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. சிலர் பகலெல்லாம் தூங்குவார்கள். ஒரு மாதத்துக்கு முன் ஷோரூம் கனவு கண்ட அதே பையன் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பான்.

பலருக்கு முதலில் வருவது வறட்சிதான். அதனால் டாக்டரே முதலில் வெறும் மனச்சோர்வு என்று கருதக்கூடும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், இருமுனைக் கோளாறு உள்ள சிலருக்கு அது மேனியாவைக் கிளப்பிவிடும். ஆகவே, முன்பு எப்போதாவது தூங்காமல் துள்ளித் திரிந்த நாட்கள் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

சில நேரம் இரண்டும் கலந்து வரும். மனம் இருட்டிக் கிடக்கும், உடம்பு மட்டும் முடுக்கத்தில் இருக்கும். இந்தக் கலப்பு நிலையில்தான் உயிராபத்து அதிகம். சாக வேண்டும் என்ற எண்ணமும், அதைச் செய்துவிடும் வேகமும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

இதுவரை பார்த்தவை: மேனியா, அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியா, மனச்சோர்வு, இரண்டும் கலந்த நிலை. நடுவில் நலமான காலம்.

## மூளைக்குள் மதகு எங்கே இருக்கிறது?

மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி உண்டு. பயம், கோபம், ஆசை போன்ற உணர்ச்சிகளைக் கிளப்புவதில் அதற்குப் பெரிய பங்கு. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை அந்த உணர்ச்சிகளை எடைபோட்டு, "பொறு" என்று தடுக்கும். இந்தத் தடுக்கும் பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். எல்லாப் பதின்வயதினரும் கொஞ்சம் அவசரக்காரர்களாக இருப்பது இதனால்தான். இருமுனைக் கோளாறில் இந்த இரு பகுதிகளுக்கும் இடையே உள்ள தொடர்பு சரிவர வேலை செய்வதில்லை. ஊக்கத்தையும் ஆசையையும் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளின் போக்கும் மாறுகிறது.

இன்னொன்று, உடலின் உள்கடிகாரம். எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்று வெளிச்சத்தைப் பார்த்து உடலுக்கு நேரம் சொல்லும் அமைப்பு அது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்தக் கடிகாரம் எளிதில் தடம் மாறும். ஒருநாள் இரவுத் தூக்கம் கெட்டால் மற்ற பிள்ளைகளுக்கு மறுநாள் தலைவலி வரும். இவர்களுக்கு அதுவே மேனியாவின் முதல் படியாகிவிடலாம். தூக்கமின்மை நோயின் அறிகுறி, அதுவே நோயைக் கிளப்பும் காரணமும்.

ஏன் இந்தப் பிள்ளைக்கு மட்டும்? பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஒரே ஒரு மரபணுவின் வேலை இது இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து ஓர் ஏதுநிலையை, அதாவது நோய் எளிதில் வரக்கூடிய நிலையை, உண்டாக்குகின்றன. தாய்க்கோ தந்தைக்கோ இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 5 முதல் 10 வரை. அதாவது 100 பேரில் 90 முதல் 95 பேருக்கு அது வருவதே இல்லை. வளர்ப்புச் சரியில்லாததால் இந்த நோய் வந்துவிடாது. "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்தாய்" என்று அப்பாவும், "உங்கள் வீட்டு வழியில்தான் வந்தது" என்று அம்மாவும் ஒருவரையொருவர் குத்திக்கொள்வதால் நடுவில் நொறுங்குவது பிள்ளைதான்.

## கொடையும் படிப்பும் பாதயாத்திரையும்

ஏதுநிலை உள்ள பிள்ளைக்கு நோயைக் கிளப்பிவிடும் விஷயங்கள் நம் பக்கத்து வாழ்க்கையிலேயே நிறைய இருக்கின்றன. சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, என்றால் இரவு முழுக்க வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கணியான் கூத்து, விடிகாலை வரை சாமியாட்டம். கூடவே வேட்டைக்குப் போகும் பூசாரியின் பின்னால் ஓடும் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று இரவு தூக்கம் கிடையாது. தைப்பூசத்துக்கும் சஷ்டிக்கும் திருச்செந்தூருக்கு இரவில் நடப்பதும் அப்படித்தான். பொதுத்தேர்வுக்கு முன் இரவு ஒரு மணி வரை படித்துவிட்டு, காலை ஐந்து மணி டியூஷனுக்கு டீயைக் குடித்துவிட்டு ஓடுவது இதில் இன்னொரு வகை. என்னைக் கேட்டால், நம் ஊரில் பிள்ளைகளின் தூக்கத்தைத் திருடுவதில் கொடையைவிட டியூஷன் பெரிய திருடன். கொடை ஆண்டுக்கு ஒருமுறைதான்.

நோய் உள்ள பிள்ளை கொடைக்குப் போகக் கூடாதா? போகட்டும். பொங்கல் வைக்கும்போது இருக்கட்டும், மதியக் கொடையைப் பார்க்கட்டும். இரவு பத்து மணிக்கு அத்தை வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ, ஒலிபெருக்கிச் சத்தம் எட்டாத இடத்துக்கு அனுப்பித் தூங்க வைத்துவிடுங்கள்.

கஞ்சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி வாசல் வரை அது வந்துவிட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். மேனியாவையும் மனப்பிறழ்வையும் அது தூண்டும். மாத்திரை செய்யும் வேலையையும் கெடுக்கும்.

## சாமியா, பேயா, நோயா?

நம் பக்கத்தில் சாமி வருவது சாதாரணம். மேளம் உச்சத்துக்குப் போகும்போது ஆடுகிறவர், மேளம் நின்று திருநீறு பூசியதும் அமைதியாகி, மறுநாள் காலையில் வயலுக்குப் போய்விடுகிறார். அது நோய் கிடையாது. மேளம் நின்று ஐந்து நாளாகியும் அடங்காமல், தூங்காமல், உண்ணாமல் ஆடுகிற பிள்ளைக்கு டாக்டர் வேண்டும்.

குறி கேட்பது, மந்திரித்துக் கயிறு கட்டுவது, குற்றால அருவியில் தலையைக் கொடுத்தால் சித்தம் தெளியும் என்று கூட்டிப்போவது இவற்றை நான் இழிவாகப் பேச மாட்டேன். பதறிப்போன தாய் கும்பிடாத தெய்வம் இல்லை. கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரையும் வாயில் போகட்டும். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் மாண்டார்கள். மனநலம் குன்றியவரை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பிரம்பால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, கட்டிவைப்பது என்று எங்காவது சொன்னால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

## டாக்டரிடம் போனால் என்ன நடக்கும்?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் அரசின் மாவட்ட மனநலத் திட்டமும் செயல்படுகிறது. எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இந்த நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ரத்தம் எடுப்பார்கள், அது தைராய்டு போன்ற வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கண்டுபிடிப்பது முழுக்கக் கதை கேட்டுத்தான். எனவே நீங்கள் கொண்டுபோகும் கதைதான் முக்கியமான பரிசோதனை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் நான்கு விஷயம் போதும்: எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான், மனநிலை எப்படி, மாத்திரை போட்டானா. அணைகளின் நீர்மட்டம் நாளிதழில் தினமும் வருகிறதல்லவா, அதுபோல ஒரு பதிவு. பிள்ளையே எழுதினால் இன்னும் நல்லது. தூக்கம் மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால், மேனியா வருவதற்கு முன்னாலேயே நோட்டு உங்களுக்குச் சொல்லிவிடும்.

## மாத்திரையும் நம் ஊர் வெயிலும்

மனநிலை மேலும் கீழும் போகாமல் தாங்கிப்பிடிக்கும் மருந்துகளை மனநிலைச் சீராக்கிகள் என்கிறார்கள். அவற்றில் பழையது லித்தியம். அது ஒருவகை உப்பு. மேனியாவை அது அடக்கும் என்று 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். இன்றும் அது முன்வரிசை மருந்து. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதிலும் அதற்கு நல்ல பெயர் உண்டு. வால்புரோயேட் என்பது இன்னொன்று. கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால் பெண்பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள்; எழுதியிருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மனப்பிறழ்வைத் தணிக்கும் மருந்துகளும் பயன்படும். சில மருந்துகளில் உடல் எடை கூடும். பதின்வயதுப் பிள்ளை மாத்திரையை ரகசியமாகத் துப்புவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதைச் சாதாரணமாக நினைக்காமல் டாக்டரிடம் சொல்லி மாற்று கேளுங்கள்.

லித்தியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்து வெயில் அதோடு விளையாடும். ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் பலன் இல்லை, கூடினால் நஞ்சு. உடலில் தண்ணீரும் சாதாரண உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது, அளவு ஏறிவிடுகிறது. பாளையங்கோட்டையில் கத்திரி வெயிலில் வியர்த்து விளையாடும் பிள்ளைக்கு இது நடக்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கின்போது நடக்கலாம். உப்பில்லாமல் உண்ணும் விரதத்திலும், ரமலான் நோன்பிலும், திருச்செந்தூர் நடைபயணத்திலும் நடக்கலாம். விரதமோ நோன்போ இருக்க ஆசைப்பட்டால் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளிலும் கவனம் தேவை. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் பிரச்சினை தராது. கை பலமாக நடுங்குவது, தொடர் வாந்தி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது இவற்றைக் கண்டால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்த அளவு பார்க்கும் நாளில், முந்தைய வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைக் கொடுத்த பிறகு எடுத்தால் கணக்கு தப்பாகும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது பரிசோதிப்பார்கள்.

எல்லா மாத்திரைக்கும் பொதுவான ஒன்று: நன்றாக இருக்கிறான் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் நன்றாக இருக்கிறான். திடீரென்று நிறுத்தினால் வெள்ளம் முன்னைவிடப் பெரிதாக வரக்கூடும். "ஆயுசுக்கும் மாத்திரையா" என்று ஆச்சி அங்கலாய்த்தால், அவருடைய சர்க்கரை மாத்திரையை நினைவூட்டலாம்.

இந்தப் பகுதியின் சாரம்: தண்ணீர், உப்பு, வலி மாத்திரை இந்த மூன்றிலும் கவனம், நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான்.

## வீட்டில் எப்படிப் பேசுவது?

எரிச்சலும் குத்தலும் நிறைந்த வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது. குடும்பத்தை உட்கார வைத்து, நோயை விளக்கி, பேசும் முறையைப் பழக்கும் சிகிச்சையே தனியாக இருக்கிறது. அது மாத்திரைக்குத் துணை.

மேனியாவில் இருக்கிற பிள்ளையோடு வாதாடி ஜெயிக்க முடியாது. "ஷோரூம் எல்லாம் உனக்குக் கிடைக்காது" என்று சொன்னால் சண்டைதான் மிஞ்சும். சின்ன வாக்கியங்களில், குரல் உயர்த்தாமல் பேசுங்கள். "சரிய்யா, நாளைக்குப் பேசலாம். இப்போது விளக்கை அணைக்கிறேன்." டிவியையும் செல்போனையும் ஒதுக்கி, சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து நலம் விசாரிப்பதைத் தவிர்த்து, வீட்டைச் சத்தமில்லாமல் வையுங்கள். பைக் சாவியும் ஏ.டி.எம். கார்டும் உங்கள் கைக்கு வரட்டும்.

சோர்வில் கிடக்கும் பிள்ளையிடம் "எங்கள் காலத்தில் நாங்கள் படாத கஷ்டமா" என்று தொடங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதா தாயி?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருப்பதே பெரிய உதவி. குளிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பது, வாசல் வரை கூட நடப்பது என்று சின்னச் சின்னதாகத் தொடங்குங்கள்.

"வெளியே தெரிந்தால் அக்காவுக்கு வரன் வராது" என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் உடன்பிறந்தவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும். அவர்கள்தான் ஒரே அறையில் படுத்து, தூங்காத இரவை முதலில் பார்க்கிறார்கள்.

## உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

இந்த நோயில் தற்கொலை ஆபத்து மிகவும் அதிகம். பிள்ளையின் பேச்சிலோ நடத்தையிலோ சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்தான் பலருக்கு வரும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். வயலில் மோட்டார் அறையில் இருந்தாலும் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். மாத்திரைகளும் பெரியவர் கையில் இருக்கட்டும். ஆம்புலன்சுக்கு 108. முயற்சி செய்து பிழைத்த பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸாகிவிடும் என்று தயங்க வேண்டாம். கடுமையான மன அழுத்தத்தில் செய்ததாகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதே 2017 சட்டத்தின் நிலை.

## பள்ளிக்கூடத்தில்

தலைமை ஆசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் மட்டும் சொன்னால் போதும். நோயின் பெயரைச் சொல்ல விருப்பம் இல்லையென்றால் "மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறான், காலையில் மந்தமாக இருப்பான், தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும், சிறுநீர் கழிக்க அனுமதி வேண்டும்" என்று டாக்டரின் கடிதத்தோடு எழுதிக் கொடுங்கள். லித்தியம் எடுக்கும் பிள்ளைக்குத் தாகமும் சிறுநீரும் கூடும். அதற்காக வகுப்பில் அவமானப்பட்டால் மறுநாள் மாத்திரையை விட்டுவிடுவான். காலை ஐந்து மணி டியூஷனை மாலைக்கு மாற்றுங்கள். ஓர் ஆண்டு தவறினால் தவறட்டும்; அடுத்த ஆண்டு எழுதித் தேறுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

## நலமாக இருக்கும்போது எழுதிவைக்க வேண்டியது

வெள்ளம் வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. பிள்ளை நன்றாக இருக்கும் ஒரு மாதத்தில், அவனையும் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதுங்கள். முதல் அறிகுறிகள் எவை என்று அவன் வாயாலேயே வரட்டும்; "பாட்டை வேகமாகக் கேட்க ஆரம்பித்தால்", "ராத்திரியில் பைக்கைத் துடைத்தால்" என்று அவன் சொல்வது டாக்டர் சொல்வதைவிடக் கூர்மையாக இருக்கும். அப்போது யார் சொன்னால் கேட்பான்: அம்மாவா, தாய்மாமாவா, பக்கத்து வீட்டு அண்ணனா? செல்போனும் பணமும் யாரிடம் இருக்க அவன் சம்மதிக்கிறான்? எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை? எந்த மருத்துவமனை, யார் கூட வருவார்கள், இரவில் யாருடைய வண்டி கிடைக்கும்?

பதினெட்டு வயது முடிந்ததும், தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க அவனுக்குச் சட்டப்படி உரிமை வருகிறது. அதுவரை பெற்றோர் அவன் சார்பில் எழுதலாம். வீட்டில் எழுதும் இந்தத் தாள் அதற்கு நல்ல தொடக்கம். ஒரு பிரதி உங்கள் பையில், ஒன்று தாய்மாமா வீட்டில், ஒன்று டாக்டரின் கோப்பில். மருந்தின் பெயரோ அளவோ மாறும்போதெல்லாம் மூன்றிலும் திருத்திவிடுங்கள். கொடை மாதமும் பொதுத்தேர்வு மாதமும் வருவதற்கு முன் பிள்ளையோடு சேர்ந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.